இருபத்துநாலாம் நாள்

செல்லம்பட்டி ஷெட்டுக்கு வெளியே
தீவனச் சாக்கை விரித்து
கோழியை அறுத்துக் காட்டினார் டாக்டர்.

"இந்தா பாருங்க, வாலடியில.
சுண்டைக்காய் அளவு இருக்கணும்,
மிளகாட்டம் கெடக்கு.
இது சுருங்கிட்டா
எந்த மருந்தும் ஒட்டாது."

ஒச்சம்மா குனிந்தாள்.
நாற்பது கிராமில் இறங்கிய குஞ்சு
இப்போது ஒன்றேகால் கிலோ.
இந்த அவசரத்தில்
காவலுக்கு ஆள் வைக்க
உடம்புக்கு ஏது நேரம்?

கம்பெனிக்காரர் அட்டையில் எழுதினார்:
இறப்பு நூற்றுப் பன்னிரண்டு.
காரணம் பராமரிப்புக் குறை.

மக்காச்சோளத் தீவனம் பூசண வாடை அடிப்பதை
போன வியாழனே சொல்லியிருந்தாள்.
அதற்கு அட்டையில் கட்டம் இல்லை.

குழியில் சுண்ணாம்பைக் கொட்டிவிட்டு
கை கழுவினாள்,
திரும்பவும் கழுவினாள்.
உள்ளே
தட்டுகளில் கொத்தும் சத்தம்
நேற்றைவிடக் குறைந்திருந்தது.