புதன்கிழமை எண்

அந்த எண்ணைக் கடைப் பலகையில் குத்திவைத்தவள் நான்தான்.
டோலினா மக்கீவர், கீழ்ச்சபையின் கணக்கர்.
"புதன் இரவு ஏழரை. ஜெபக்கூட்டம். இந்த எண்ணை அழைக்கவும்."
எந்தச் சபை என்று எழுத மறந்துவிட்டேன்.
மறந்துவிட்டேன் என்றுதான் இன்றுவரை சொல்லிவருகிறேன்.

அந்த மார்ச்சில் லூயிஸ் தீவுக்கு
மாவும் மருந்தும் வந்திறங்கின, மனிதர் வரவில்லை.
கோவில் கதவில் பூட்டு.
எங்கள் வீடுகளோ முன்பே தள்ளித் தள்ளி நிற்பவை,
காற்றுக்கு முதுகைக் காட்டியபடி.

முப்பத்தொரு வருஷமாய் இந்தச் சின்ன ஊரில் இரண்டு சபை,
சாலைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று.
ஒரே வேதம், ஒரே சங்கீதப் புத்தகம், ஒரே கேலிக் மொழி.
பிரிந்தது எதற்கு என்று கேட்டால்
இரண்டு பக்கமும் நீளமாய்ப் பதில் வரும்.
சுருக்கம்: ஒரு கடிதம், ஒரு சாவிக்கொத்து.

எங்களிடம் ஆர்கன் கிடையாது.
ஒருவர் வரியை எடுத்துக்கொடுப்பார்,
சபை அதை வாங்கி இழுக்கும்.
இழுப்பதில் யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை.
திறந்த கேட்டுக்குள் ஆடுகள் நுழைவதுபோல
முந்தியும் பிந்தியும், இடித்துக்கொண்டும்,
கடைசியில் எல்லாம் உள்ளே.

கிளாஸ்கோவிலிருந்து மருமகள் புலம்பினாள்:
"போனில் பாடவே முடியவில்லை அத்தை,
அரை நொடி பிந்துகிறது, தாளம் நிற்கவில்லை."
எங்களுக்குத் தாளம் எப்போது நின்றது?
நாங்கள் பிறந்ததிலிருந்தே
பிந்திப் பாடுகிறவர்கள்.

முதல் புதன்.
இணைப்பில் பத்தொன்பது பேர் என்றது இயந்திரக் குரல்.
எங்கள் சபையில் எனக்குத் தெரிந்து பதினொருவர்.
காதைக் கொடுத்துக் கேட்டேன்:
யாரோ டீ கலக்கும் ஸ்பூன்.
ஒரு நாய்.
யார் வீட்டிலோ ஆக்சிஜன் இயந்திரம், இழுத்து, விட்டு.
வரியெடுக்க வேண்டிய எங்கள் டோர்மட்
ஸ்டோர்னோவே ஆஸ்பத்திரியில் குழாயோடு கிடந்தார்.
யாரும் எடுக்கவில்லை.
மௌனம் ஓடியது, பில்லும் கூடவே ஓடியது.

அப்போது ஒரு செருமல்.
அந்தச் செருமலை எனக்குத் தெரியும்;
முப்பத்தொரு கோடையும்
மேல்சபையின் திறந்த ஜன்னலிலிருந்து
சாலையைத் தாண்டி வந்தது அது.
ஊஷ்ஜன்.
சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு போனவன்.

வரியை எடுத்தான். நடுக்கத்தோடு எடுத்தான்.

முதலில் வாங்கியது ஆக்சிஜன் வீடு.
எஃபியின் குரல், அசைக்கு ஒரு மூச்சாய் நின்று நின்று.
அப்புறம் நாய் வீடு.
அப்புறம் ஸ்பூன்.
பிறகு நான், கையில் பாதி தோல் சீவிய உருளைக்கிழங்கோடு.
யார் மேலே, யார் கீழே என்பது
தொலைபேசிக்குத் தெரியவில்லை.
எனக்கும் இரண்டாம் வரிக்குமேல் தெரியவில்லை.

ஐந்தாம் புதன், டோர்மட்டின் காதருகே
நர்ஸ் ஒருத்தி போனைப் பிடித்தாள்.
உதடு அசைந்தது என்றாள்.
அவள் சொல்லாதிருந்தாலும் நம்பியிருப்போம்.

அடக்கத்துக்குச் சிலருக்குத்தான் அனுமதி.
மற்றவர் சாலையின் இரு ஓரமும்
ஆறடிக்கு ஒருவராய் நின்றோம்.
ஊஷ்ஜன் வரியெடுத்தான்.
பாதியைக் காற்று கொண்டுபோனது,
மீதியை நாங்கள் வாங்கினோம்.

இப்போது கதவுகள் திறந்தாயிற்று.
ஞாயிறன்று அவரவர் சபைக்கு அவரவர்.
சாவிக்கொத்து இன்னும் அவனிடம்தான்.
கடிதத்துக்கு இன்னும் பதில் போடவில்லை நாங்கள்.

அந்த இணைப்புக்கு மாதம் பன்னிரண்டு பவுண்டு.
"இதரச் செலவு" என்று எழுதுகிறேன்.
மாதக் கடைசியில் என் கதவிடுக்கில் ஓர் உறை கிடக்கிறது,
உள்ளே ஆறு பவுண்டு,
மேலே பெயரில்லை.
கணக்கில் அதை எங்கே காட்டுவது என்று
இன்னும் பிடிபடவில்லை.

நேற்று புதன்.
இருபத்து மூன்று பேர் என்றது இயந்திரம்.
நாய் குரைத்தது.
யாரோ செருமினார்கள்.