வெள்ளைத்தாளின் அடியில்

முதல் கிராம சபையில்
வெள்ளைத்தாளின் அடியில் கையெழுத்துப் போட்டேன்.
நூறுநாள் வேலை அட்டை
அவர்கள் கையில் இருந்தது.

அடுத்ததில் கேட்டேன்:
"மேலே என்ன எழுதுவீங்க?"
மைக்கை அணைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

ஐம்பத்திரண்டு வயதில்
'தீர்மானம்' என்ற சொல்லை
எழுத்துக்கூட்டிப் படித்தேன்.
தையல் டேப்பை வைத்து
மாட்டுக்கயிற்றில் மீட்டர் குறித்து
சவுரியம்மாளும் நானும்
தாழைவாய்க்கால் கரையில் நடந்தோம்.
தூர்வாரியது அறுநூறு,
பலகையில் ஆயிரத்து நூறு.

மே தினத்தன்று எழுந்து சொன்னேன்.
"கிளை வாய்க்காலச் சேத்தியா?"
பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.
சேர்க்கவில்லை.
காது சுட உட்கார்ந்தேன்.
அன்றைக்கு யாரும் சிரிக்காதது
இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் கிளையையும் அளந்தோம்,
முழங்கால் சேறு.
முந்நூற்றெண்பது.
கூட்டினாலும் நூற்றிருபது குறைகிறது;
மறுபடி கூட்டினேன், குறைகிறது.

மேட்டூர் திறந்து
கடைமடைக்குத் தண்ணீர் எட்டுமுன்
எத்தனையோ மதகு.
ஆகஸ்ட் பதினைந்துக்கு நாளிருக்கிறது.
வரைபடத்தை விரித்து
"இந்தச் சின்னக் கோடு என்னாடி?" என்கிறாள் சவுரியம்மாள்.
எனக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை தாலுகா ஆபீசில் கேட்கணும்.
பேனா நம்முடையதாக இருக்கணும்.