மூன்று நிமிடம், கொஞ்சம் கோணல்

வேலந்தாவளத்துக் கோழிச் சண்டையில்
தோற்றவன் ஒருத்தன் பணத்துக்குப் பதிலாக
மருதாசலத்திடம் விட்டுப்போன தட்டு.
சின்னத் தட்டு. நடுவில் மட்டும்
ஒரு ரூபாய் நாணயம் நழுவி விழுமளவு ஓட்டை.
காகிதம் நனைந்து உரிந்து
இங்கிலாந்து என்பதும் 45 என்பதும்தான் மிச்சம்.
பாடுகிறவர்கள் நாலு பேரா அஞ்சு பேரா, தெரியாது.
அந்த வருஷம் லண்டனில்
எல்லார் வாயிலும் இதுதான் என்று
தோற்றவன் சத்தியம் செய்தான்.

எங்கள் சவுண்ட் சர்வீஸ் பெட்டியின் ஆணி
அந்த ஓட்டைக்குள்
கிணற்றில் விட்ட குச்சி.
என் ஹவாய் செருப்பின் குதிகாலை
வட்டமாக வெட்டி அடைத்தேன்.
பிளேடு மொண்ணை.
வட்டம் முட்டையாகிவிட்டது.

அன்றிலிருந்து அந்த வெள்ளைக்காரர்கள்
கள்ளுக்கடைப் படி இறங்குகிறவர்களாகவே பாடினார்கள்.
சுற்றுக்கு ஒரு தள்ளாட்டம்.
கிதார் ஏறும்போது
தொண்டையில் மீன்முள் மாட்டியது போல ஓர் இழுப்பு.
மருதாசலம் சொன்னான்: இங்கிலீசு ராகம் அப்படித்தான்.

காதுகுத்துக்கும் சீருக்கும்
முதலில் பிள்ளையார், அடுத்தது இது.
ஒரு குழாய் கோயமுத்தூர் ரோட்டைப் பார்த்து,
இன்னொன்று செக்போஸ்ட் தாண்டி
கொழிஞ்சாம்பாறை ரோட்டைப் பார்த்து.
மிச்சத்தைக் கணவாய்க் காற்று கொண்டுபோகும்.

பாட்டில் ஒரே ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும்.
இந்தப் பக்கம் கேட்டவர்களுக்கு அது
'போறோம், போறோம்.'
அந்தப் பக்கம்
'போராம், போராம்' –
வரலாம் என்று அர்த்தம்.

அந்தப் பக்கத்து ரோசிலி
பேட்டரிக்கு ஆசிட் வாங்க வந்தவள்
ஒரு நாள் நேராகவே கேட்டாள்:
ஏதாணு சரி? போறதா, வர்றதா?
அது இங்கிலீசு, என்றேன்.
நான் அதைக் கேக்கலை, என்றாள்.

ஆசிட்டுக்குச் சில்லறை எண்ணினேன்.
இரண்டு முறை எண்ணினேன்.

நாற்பது வருஷத்துக்கு அப்புறம்
பாலக்காட்டில் ஒரு செல்போன் கடை.
சார்ஜர் வாங்க நின்றவன் காதில்
அதே பாட்டு.
தள்ளாட்டம் இல்லை. முள் இல்லை.
இஸ்திரி போட்ட சட்டை மாதிரி வந்தது.
அந்தச் சொல் போறதும் இல்லையாம், வர்றதும் இல்லையாம்.
கடைப்பையன் திரையில் படித்துச் சொன்னான்:
யாரோ ஒருத்தன் டெலிபோன் மணிக்குக் காத்திருக்கிறான்,
அவ்வளவுதான்.

தம்பி, இதைக் கொஞ்சம் கோணலாக்க முடியுமா?

அவன் உள்ளே போய்த் தேடினான்.
பேஸ் இருந்தது, டிரெபிள் இருந்தது,
ஹால் என்று ஒன்று, சர்ச் என்று ஒன்று.
கோணல் இல்லை.

சார்ஜரை மறந்து பஸ் ஏறினேன்.
கஞ்சிக்கோட்டில் கூட்டம் நெருக்கி ஏறியது.
பின்சீட்டில் யாரோ ஒரு பெண்பிள்ளை
வாய்க்குள் முனகிக்கொண்டு வந்தாள்,
கிதார் ஏறுகிற இடத்தில்
சரியாக அந்த இழுப்போடு.

திரும்பிப் பார்க்கவில்லை.
செக்போஸ்ட்டில் வண்டி நின்றபோது
என் வலது குதிகால்
தானாகத் தாளம் போட்டது,
சுற்றுக்கு ஒரு முறை தப்பி.