அரைக்கட்டண நேரம்

ஏழு மணிக்கு மேல் எஸ்.டி.டி. பாதி விலை.
அதனால் ஏழு வரை
என்னை உட்கார வைத்திருப்பார் முதலாளி.
ஏழுக்கு மாவட்டமே டயல் செய்யும்.
எங்களுக்குச் சென்னை கிடைக்க ஏழு ஐந்து ஆகும்.
ஏழு பத்துக்கு அறுந்துபோகும்.

கடலூர் ஓ.டி., உப்பனாற்றுப் பக்கம்,
இறால் கம்பெனியின் பின்னறை.
மேசையில் மோடம் என்றொரு கறுப்பு டப்பா,
நெற்றியில் எட்டுச் சிவப்புப் பொட்டு.
அது கூப்பிட்ட சத்தம் முதல்நாள் கேட்டு
பூனை மிதிபட்டதென்று
குனிந்து தேடினார் கணக்கர் சேஷாசலம்.

கீச்சு, கரகரப்பு, நீண்ட இழுவை,
பிறகு அமைதி.
அமைதி என்றால் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.
மனிதர்களுக்கு நேர்மாறு.

வெள்ளை இறால், கிலோவுக்கு முப்பது,
நானூறு பெட்டி என்று பாதி போயிருக்கும்.
திரையில் வந்து நிற்கும்:
நோ கேரியர்.
சுமப்பவர் இல்லையாம்.
நான் இங்கேதானே இருக்கிறேன் என்று
முதல் வாரம் சிரித்தேன்.

லைன்மேன் மாயகிருஷ்ணன் கம்பத்தில் ஏறினார்.
உப்புப் பூத்துப் பச்சையாகிக் கிடந்தது செம்பு.
சுரண்டினார், முறுக்கினார், இறங்கிவந்து
"லைன் தங்கம், மெகராஜும்மா.
ஒங்க டப்பாதான் பித்தளை" என்றார்.
டப்பா விற்ற சென்னைக்காரர் போனில்,
"டப்பா சிங்கம்ங்க. ஒங்க ஊரு லைன்தான்..."
முடிப்பதற்குள் அறுந்தது.

வேகத்தைக் குறைத்தேன்.
மாட்டுவண்டியாய் நகர்ந்து, பிறகு விழுந்தது.
மாடி எக்ஸ்டென்ஷனைப் பிடுங்கினேன்.
முதலாளியம்மா இரண்டு நாள் பேசவில்லை.
ஒயரைச் சுவரிலிருந்து பிரித்து
காலண்டர் ஆணியில் தொங்கவிட்டேன்.
கையேட்டின் நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தில்
ஏ, டி, எக்ஸ், மூன்று என்று ஒரு கட்டளை.
தட்டினேன்.
ஓகே என்றது.
ஓகே என்று சொல்லிவிட்டு அறுந்தது.

பிறகுதான் எழுதிவைக்கத் தொடங்கினேன்,
சரக்கு ரிஜிஸ்டரின் பின்னட்டையில்.
திங்கள் ஏழு பத்து.
செவ்வாய் ஏழு பதினொன்று.
புதன் ஏழு பத்து.
வியாழன் அறவில்லை.
வியாழன் ஏன் அறவில்லை?
வியாழன் படகு எதுவும் போகவில்லை.

அப்போதுதான் எனக்குக் காது கேட்டது.
ஏழு பத்துக்கு டியூப்லைட் ஒருமுறை கண்சிமிட்டுகிறது.
சுவருக்கு அந்தப் பக்கம், ஐஸ் பேக்டரியில்,
படகு திரும்பும் நாளில் மட்டும் ஓட்டும்
பெரிய கம்ப்ரெசர் உறுமி எழுகிறது.
மூன்று வருடம் அந்தச் சத்தத்துக்குள்ளேயே
உட்கார்ந்திருக்கிறேன்.

இறாலைக் காக்கிற ஐஸ்
இறாலின் கணக்கை அறுக்கிறது.
யாரைத் திட்ட?

கம்ப்ரெசர் ஆபரேட்டர் கலிவரதனுக்குக் காதில் பஞ்சு.
கத்தித்தான் கேட்டேன்,
"பத்து நிமிஷம் நிறுத்த முடியுமா?"
"பத்து நிமிஷத்துல மீனு நாறி
ஒங்க வாசல்லதான் வந்து நிக்கும்.
மூணு தர்றேன்."

மூன்றுக்குள் அடங்கக் கடிதத்தைக் குறைத்தேன்.
'அன்புடையீர்' போயிற்று.
'தங்கள் கடிதம் கிடைத்தது' போயிற்று.
எண்கள் மட்டும் மிஞ்சின.
எடைக்கல்லால் சுவரில் இரண்டு தட்டு,
உறுமல் இறங்கும், டப்பா கீச்சிடும்.
போய்ச் சேர்ந்ததும் ஒரு தட்டு,
அவர் மறுபடி எழுப்புவார்.
ஒன்றரை வருடம் இப்படி.
அவர் முகம்கூட மறந்துபோனது.
தட்டுவதற்கு வாகான இடம் மட்டும்
சுண்ணாம்பு உதிர்ந்து தெரியும்.

ஐப்பசியில் ஒரு மாலை
சுவர் அந்தப் பக்கமிருந்து தட்டியது.
இரண்டு.
நான் கல்லைத் தொடவே இல்லை.

துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியிருந்தார்கள்.
ஐஸ் வேண்டாம் இன்றைக்கு,
வேண்டிய மட்டும் பேசிக்கொள் என்கிறார்.

முதல் டயலிலேயே சேர்ந்தது சென்னை.
எட்டுப் பொட்டும் அசையாமல் நின்றன.
ஏழு பத்து. ஏழு இருபது. ஏழரை.
அறவில்லை.

அனுப்ப ஓர் இறால் இல்லை.
முதலாளி எப்போதோ கிளம்பிவிட்டார்.
அன்புடையீர் என்று அடித்தேன்.
அதற்கு மேல் என்ன என்று
யோசித்தபடி உட்கார்ந்திருந்தேன்,
மீட்டர் பாதி விலையில் ஓட.