இரண்டு பல் முன்னே

முதல் மாற்றத்துக்குக் காசில்லை.
இருக்கைக்கு அடியில் கைவிட்டு
கம்பியைத் தூக்கி
இரண்டு பல் முன்னே இழுத்தேன்.
எனக்கு முன் இதை ஓட்டியவர்
ஆறடி ஆள் போல.
நடுக்கண்ணாடியைத் தாழ்த்தும்வரை
எனக்குக் கூரைத் துணிதான் தெரிந்தது.

ஏழு வருடம் ஓடிய சிவப்பு போலோ,
பனசங்கரியில் ஹெக்டே வீட்டு வாசலில் சாவி வாங்கினேன்.
மாம்பழ சீசன் முழுக்க
இரவு ஷிஃப்டில் நின்று
கூழின் இனிப்பை டிகிரி டிகிரியாக
அளந்த காசு முன்பணம்.
மீதி முப்பத்தாறு தவணை.

அத்திப்பள்ளி, ஓசூர், சூளகிரி.
கிருஷ்ணகிரி டோலில்
தடுப்புக் கட்டை தானாக எழுந்தது.
வண்டிக்கு ஊர் தெரிந்துவிட்டது
என்று நினைத்துக்கொண்டேன்.

காவேரிப்பட்டணத்தில் நிறுத்தியதும்
ஆளுக்கொரு யோசனை.
"சைலன்சரை மாத்துக்கா,
பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கணும்"
எதிர்வீட்டுத் தீர்த்தகிரி.
ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் முனிரத்தினம்
ஸ்பிரிங்கை மாற்றித் தாழ்த்தச் சொன்னார்.
எங்கள் தெருமுனை வேகத்தடையை
அவர் பார்த்ததில்லை.
யாரோ பாதி புதைத்து
மறந்துபோன எருமை அது.
பின்னால் இறக்கை வைக்கலாம் என்றான் அண்ணன்.
வைத்தால் பறக்குமா?
பறக்காமல் இருக்கத்தான் இறக்கை என்றான்.
அவன் சொன்னதில் அது ஒன்று சரி.

ஞாயிற்றுக்கிழமை, ஒரு வேலையும் இல்லாமல்,
தருமபுரி தாண்டி விட்டேன்.
மூன்றாவது கியரில் டர்போ மூச்சிழுக்க
என் முதுகு இருக்கையோடு ஒட்டியது.
சத்தியமாகச் சிரித்தேன், தனியாக.
பாளையம் டோல். கட்டை எழுந்தது.
பிறகு தொப்பூர் இறக்கம்.

முன்னால் ஒரு கிரானைட் லாரி,
பின்சக்கரத்தில் புகை.
மிதித்தேன். நின்றது.
மிதித்தேன். யோசித்தது.
மூன்றாம் முறை
பெடல் கூழாகிக் குழைந்து
பாதத்தோடு கீழே போனது.
இரண்டாவது கியர். முதல் கியர்.
என்ஜின் அலறி அலறிப் பிடித்துக்கொண்டது.
கல்லில் யாரோ சிவப்பில் எழுதிய எண்ணை
வாசிக்கும் தூரத்தில்
லாரி நகர்ந்தது.

அடிவாரத்தில் டீ வாங்கினேன்.
பாதி கையில் கொட்டியது.

திரும்பி வரும்போது
பாளையம் தாண்டியதும் போன்.
ஹெக்டே.
கன்னடமும் தமிழுமாக:
"மேடம், டோல் காசு எனக்குத்தான் போகுது.
ஃபாஸ்டேக் மாத்தலையா?"
மன்னிப்புக் கேட்டேன், அனுப்பிவிடுகிறேன் என்றேன்.
"பாளையம் ரெண்டு தடவை வந்திருக்கு.
தொப்பூர் இறங்குனீங்களா?"
ஆமாம்.
கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.
"பிரேக் எப்படி இருந்துச்சு?"

கேட்ட விதத்திலேயே தெரிந்தது
அவருக்குத் தெரியும்.
சொல்லியிருக்கலாமே என்று
நாக்கு நுனிவரை வந்தது.
போன மாதம் என் ஸ்கூட்டியை விற்றபோது
ஸ்டார்ட்டரைப் பற்றி
நானும் வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை ராயக்கோட்டை ரோட்டில்
இம்தியாஸ் ஷெட்.
பத்தாம் வகுப்பில் என் பெஞ்சுக்குப் பின்பெஞ்சு அவன்.
பழைய பிரேக் ஆயிலை
பாட்டிலில் பிடித்துக் காட்டினான்.
முதல் டிகாஷன் தோற்றது.
நான்கு சக்கரத்துக்கும் புது பேட்.
டயரின் ஓரத்தில் பிறந்த வாரம் இருந்தது,
வண்டியின் வயதுதான் அதற்கும்.
அதுவும் நான்கு.
சைலன்சர் காசு, இறக்கைக் காசு,
தீபாவளிப் புடவைக் காசு எல்லாம்
கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போய் உட்கார்ந்தது.

தீர்த்தகிரி வண்டியை இரண்டு சுற்று சுற்றினான்.
"என்னக்கா மாத்துன?"
உட்கார்ந்து பெடலை மிதிக்கச் சொன்னேன்.
மிதித்துவிட்டு
ஏமாந்த முகத்தோடு இறங்கினான்.

ராத்திரி வெந்நீரும் பிளேடுமாக
ஹெக்டேயின் டேக்கைச் சுரண்டினேன்.
கண்ணாடியில் சதுரமாக ஒரு பிசுக்கு,
இன்னும் போகவில்லை.

புதன்கிழமை ஓசூர் போகிறேன்.
புது டேக் இன்னும் உயிர் பெறவில்லை போல,
கிருஷ்ணகிரி டோலில்
கட்டை எழவில்லை.
பின்னால் பஸ் ஹார்ன் அடிக்கிறது.
அடிக்கட்டும்.
மிதித்த இடத்தில், மிதித்த நொடியில்,
கட்டைக்கு ஒரு முழம் முன்னால்
நின்றிருக்கிறேன்.