மூன்றாம் வேற்றுமை

முதலில் வந்தது 'பெறப்பட்டது'.
கொழும்பிலிருந்து திரும்பும் இரவு பஸ்
புளியங்குளத்தில் நெடுங்கேணி றோட்டுக்குத் திரும்புகையில்
மடிக்குள் ஒருதரம் அதிர்ந்தது போன்.
பத்து விரலையும் கண்ணாடியில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.
வலது பெருவிரல் மூன்று தரம் பதியவில்லை.
வெண்கட்டி தின்ற விரல், என்றேன்.
அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது.

நான்காம் நாள் 'அனுப்பப்பட்டது'.
பிறகு 'பரிசீலனையில் உள்ளது'.
மாரி பிடித்து, முத்தையன்கட்டு வான் பாய்ந்து,
றோட்டு மூடி, றோட்டு திறந்து,
'பரிசீலனையில் உள்ளது'.

ஒட்டுசுட்டானில் எங்கள் வளவில்
சிக்னல் கிணற்றுக்கட்டில் மட்டும்தான்.
வாளியைத் தொங்கவிட்டபடி இலக்கத்தை அடிப்பேன்.
பதினான்கு இலக்கம்.
அடையாள அட்டை இலக்கத்தைவிட அதுதான் இப்போது பாடம்.

எனக்கு விடியப்புறம், பாரிசில் சாமம்.
கடைசிக் கோப்பையும் கழுவிவிட்டுத் தயாநிதன் எடுப்பார்.
"என்னவாம்?"
"அதேதான்."
"அப்ப நல்லதுதானே. இல்லையெண்டு சொல்லேல்லையே."
ஒற்றை வினைமுற்றை நடுவில் வைத்து
நாங்கள் இருவரும் குடும்பம் நடத்துகிறோம்.

அம்மாவிடம் ஒரு நீலக் கோப்பு இருக்கிறது,
அண்ணாவின் பெயரில்.
'தங்கள் முறைப்பாடு பரிசீலிக்கப்படுகிறது.'
மூன்று மொழியிலும் அதே வசனம், பதினைந்து வருசம்.
என் போனை வாங்கி, கண்ணாடி போடாமலே பார்த்தா.
"உது எனக்குத் தெரிஞ்ச சொல்லு.
நீ போய் உலையை வை."

தரம் ஒன்பதுக்கு நான்தான் படிப்பிக்கிறேன்:
செயப்பாட்டு வினையில்
செய்தவர் 'ஆல்' உருபோடு வருவார்.
வராமலும் விடலாம்.
வசனத்துக்கு ஒரு குறையும் இராது.

நேற்று, எண்பத்தாறாம் நாள்:
'முடிவு எடுக்கப்பட்டது. கடவுச்சீட்டைப் பெற்றுக்கொள்ளவும்.'
என்ன முடிவென்று இல்லை.
உறை ஒட்டியிருக்குமாம். போய்த்தான் கிழிக்க வேணுமாம்.
ஐந்து தரம் வாசித்தேன், ஒவ்வொரு தரமும்
'பெற்றுக்கொள்ளவும்' வேறு வேறு குரலில் கேட்டது.
அம்மாவுக்குச் சொல்லவில்லை.
அதிபருக்கு லீவுக் கடிதம்: சொந்த அலுவல்.

இன்றிரவு பஸ்.
கடைசிப் பாடவேளையில் கரும்பலகையில் எழுதினேன்:
கதவு திறக்கப்பட்டது.
"யாரால்?"
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
நித்திரை என்று நான் நினைத்திருந்த லக்சிதன்
பின்வாங்கிலிருந்து எழும்பினான்.
"காத்தால, ரீச்சர்."

வகுப்பு சிரித்தது.
உருபு சரி.
பிழை போட எனக்குக் கை வரவில்லை.