ஏழு

உவர்மலை ஓய்வுக் கழகத்தில்
வியாழன் இரவுகளில் நாங்கள் நால்வர்.
சீட்டுப் பறக்காதிருக்க
மின்விசிறி ஒன்றில்தான் சுழலும்.
வேர்வை எங்கள் பாடு.

நளீர் கிண்ணியாப் பாலம் தாண்டி வருகிறார்.
மா ஆலையின் வெண்மை
சட்டைக்கை மடிப்பில் இன்னும் ஒட்டியிருக்கும்.
நான் துறைமுகத்தில், கணக்குப் பகுதி.
எண்ணிப் பழகியவள்.

போன கிழமை "ஒரு ஆடுதன்" என்றார்.
இரண்டு என்றேன்.
மூன்று என்றார். அது கதவைத் தட்டுவது:
உள்ளே இன்னும் ஏதாவது இருக்கிறதா?
எண்ணினேன். ஏழு.
திரும்ப எண்ணினேன், ஏழு எட்டாகுமா என்று.
பாஸ்.
பத்துப் பிடி எடுத்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
தேநீருக்குச் சீனி கேட்டார்;
அவர் சீனி போடுவதே இல்லை.

இந்த மேசையில் பேச
மொத்தம் பதினைந்து சொற்கள்.
புருவம் பேசக்கூடாது. இருமல் பேசக்கூடாது.
எவ்வளவு நேரம் யோசித்தேன் என்பதும் பேசக்கூடாது.
காவலரண்களுக்கு நடுவே வளர்ந்தவள் நான்,
குறைவாய்ச் சொல்லத் தெரியும்.
குறைவாய்ச் சொல்லி
நிறையக் கொடுக்கத்தான் வரவில்லை.

இன்றைக்கும் ஏழு.
இஸ்கோப்பன் ஆசு, கீழே நாலு சின்னது.
ஆடுதன் ராசா, கூட இரண்டு சில்லறை.
கலாவரையில் நாலு குப்பை.
உரூவித்தனில் ஒரேயொரு ஒன்பது,
பல் விழுந்த ஈறு மாதிரி.
அந்த ஓட்டையை எந்தப் பத்தியில் எழுதுவது?
என் கையில் அது வெறுமை.
அவர் கையோடு சேர்ந்தால் பணம்.

வெளியே ஒரு புள்ளிமான்
குப்பை வாளிக்குள் வாழைப்பழத்தோல் தேடிக்கொண்டிருந்தது.
டாக்டர் குகபாலன் பேனையால் தட்டினார்.
மூன்று, என்று சொல்லிவிட்டு
நளீர் தன் சீட்டையே பார்த்திருந்தார்.

நாலு, என்றேன்.

சீட்டை விரித்து வைத்தேன்; இனி நான் ஊமை.
"நன்றி, பார்ட்னர்."
எப்போதும் சொல்லும் மரியாதைதான்,
ஆனால் அந்த ஒன்பதைப் பார்த்துச் சொன்னார்.

துரும்பு நாலுக்கு ஒன்றாய்ப் பிரிந்து கிடந்தது.
நாலும் டாக்டரிடம், ராணியும் ஜாக்கும் உட்பட.
ஒன்பது பிடி. ஒன்று குறைவு.
சுலோ அக்கா ஐம்பதைத் தன் பக்கம் எழுதி
அடியில் கோடும் போட்டார்.

"நாளைக்கு இதே கை வந்தாலும் நாலுதான்"
என்றார் நளீர், சீட்டைக் கலைத்தபடி.
சீனியில்லாத தேநீர் ஒரே மடக்கில் போனது.

நான் எழுந்துபோய்
விசிறியை இரண்டில் வைத்தேன்.
நாலைந்து சீட்டுப் பறந்து
அவர் மடியில் விழுந்தது.